நாலு பேர் சேர்ந்தால் பத்திரத்தை மாற்றிவிடலாமா? அரிசோனாவின் கலேப்ரியா ரான்ச் வழக்கு

அரிசோனாவில் டூசான் நகரத்துக்குக் கிழக்கே கலேப்ரியா ரான்ச் எஸ்டேட்ஸ் என்று ஒரு மனைப்பிரிவு. மொத்தமே ஐந்து மனைதான். நம்மூர் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளியான மெஸ்கீட் மரமும் கள்ளியும் நிற்கிற வறண்ட பூமி, அதனால் மனை என்றதும் கிரவுண்டு கணக்கில் நினைக்க வேண்டாம், எல்லாம் ஏக்கர் கணக்கு. நான்கு மனைகள் மூன்று ஏக்கருக்கு மேல், ஏழு ஏக்கருக்குள். ஐந்தாவது மட்டும் சுமார் 23 ஏக்கர். குதிரை, மாடு வளர்க்கலாம், கொட்டகை போடலாம் என்று நினைத்துத்தான் அந்த மாதிரி இடத்தை ஒருவர் வாங்குவார்.

ஐந்து மனைக்கும் சேர்த்து ஒரு வீட்டு உரிமையாளர் சங்கம். இங்கே எல்லாரும் எச்.ஓ.ஏ. என்பார்கள். 2015இல் பதிவான மூலப் பத்திரம் ஒன்று இருந்தது, டெக்ளரேஷன் அல்லது சி.சி.ஆர். என்று சொல்வது அதைத்தான். எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது, எந்தக் கால்நடையை வைத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தப் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில், பெரும்பாலும் யாரும் படிக்காத இடத்தில், உரிமையாளர்களில் பெரும்பான்மையினர் வாக்களித்தால் இதை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்று ஒரு வரியும் இருந்தது. வழக்கு முழுக்க அந்த ஒரு வரியைச் சுற்றித்தான்.

2018 ஜனவரியில் மற்ற உரிமையாளர்கள் சேர்ந்து பத்திரத்தைத் திருத்திவிட்டார்கள். 23 ஏக்கர்காரர் சம்மதிக்கவில்லை என்பது ஒரு பக்கம், அவருக்கு விஷயமே தெரியாது. என்ன திருத்தினார்கள் என்று பார்த்தால் கமா, முற்றுப்புள்ளி சமாசாரம் இல்லை. மனையை விற்பதிலும் உட்பிரிவு செய்வதிலும் கட்டுப்பாடு, ஒரு மனையில் எத்தனை கட்டடம், எவ்வளவு பெரியது என்பதற்கு வரம்பு, கால்நடை எண்ணிக்கை குறைப்பு, மீறினால் நடவடிக்கை எடுக்கச் சங்கத்துக்குக் கூடுதல் அதிகாரம், இதற்கெல்லாம் தோதாகப் புது வரையறைகள். ஆறு ஏக்கர்காரருக்கும் 23 ஏக்கர்காரருக்கும் இந்த விதிகள் காகிதத்தில் ஒன்றுதான். ஆனால் யார் கையை இவை அதிகம் கட்டும் என்று கண்டுபிடிக்கச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.

அவர் கோர்ட்டுக்குப் போனார். எல்லாரும் ஒருமனதாக ஒப்புக்கொள்ளாமல் இந்தத் திருத்தங்கள் செல்லாது என்று அறிவிக்கக் கேட்டார். சங்கத்தின் பதிலும் சாதாரணமானதுதான்: பத்திரம் பெரும்பான்மை போதும் என்கிறது, பெரும்பான்மை வந்துவிட்டது, அரிசோனா சட்டம் 33-1817ஆம் பிரிவும் பத்திரத்தில் சொன்ன எண்ணிக்கை கிடைத்தால் திருத்தலாம் என்றுதான் சொல்கிறது, இதில் என்ன தப்பு? கீழ்க் கோர்ட்டுகள் சில திருத்தங்களை வெட்டி, மற்றதை நிற்க விட்டன. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2022 மார்ச் 22ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பெரும்பாலான திருத்தங்கள் காலி.

கோர்ட் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிட முடியாது, ஏனென்றால் இரண்டு பக்கமும் இதைத் தவறாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒருமனதான சம்மதம் எப்போதும் வேண்டும் என்று கோர்ட் சொல்லவில்லை. பெரும்பான்மையால் திருத்தலாம், ஆனால் அந்தத் திருத்தம் நியாயமானதாகவும், வாங்கும்போதே எதிர்பார்த்திருக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்றது. மூலப் பத்திரத்தைப் படித்த ஒருவருக்கு, நாளைக்கு இந்த விஷயத்தில் இப்படி ஒரு மாற்றம் வரக்கூடும் என்று போதுமான அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருக்கிற விதியைக் கூர்மையாக்கலாம், பிழையைத் திருத்தலாம், விட்டுப்போனதை நிரப்பலாம். அடியோடு புதிதான, வேறு தன்மையுள்ள சுமையைப் பெரும்பான்மை பலத்தால் ஒருவர் தலையில் ஏற்ற முடியாது.

சங்கம் இன்னொரு வாதமும் வைத்தது. மூலப் பத்திரத்திலேயே இடத்தின் மதிப்பையும் அழகையும் இயற்கைத் தன்மையையும் காப்பதுதான் நோக்கம் என்று எழுதியிருக்கிறதே, அதற்காகத்தான் இதையெல்லாம் செய்தோம் என்றது. கோர்ட் அதை ஏற்கவில்லை. அவ்வளவு பொதுவான நோக்க வாசகத்தை வைத்து எதை வேண்டுமானாலும் நியாயப்படுத்திவிடலாம், அதனால் அது முன்னறிவிப்பு ஆகாது. எனக்கு இந்தத் தீர்ப்பில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஏனென்றால் இந்த நாட்டில் நான் பார்த்த எல்லாச் சங்கப் பத்திரத்திலும் முதல் பக்கத்திலேயே அந்த மாதிரி ஒரு வரி இருக்கிறது, திருத்தம் கொண்டுவருகிற ஒவ்வொரு போர்டும், அதாவது சங்கத்தின் நிர்வாகக் குழுவும், கையில் வேல் மாதிரி அதைத்தான் பிடித்துக்கொண்டு வருகிறது.

இன்னொரு நுணுக்கம். பத்திரம் என்பது ஒப்பந்தம், ஆனால் சாதாரண ஒப்பந்தம் இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து பேரம் பேசி எழுதுகிற ஒப்பந்தத்தில் ஒவ்வொரு வரியும் இரண்டு பேருக்கும் தெரிந்தே இருக்கும். வீடு வாங்குகிறவர் டெக்ளரேஷனைப் பேரம் பேசி வாங்குவதில்லை. க்ளோசிங் அன்று, அதாவது வீடு கைமாறுகிற நாளில், பத்திர வேலையைப் பார்க்கிற டைட்டில் கம்பெனி மேசையில் அடுக்கிவைத்த காகிதங்களோடு அதுவும் ஒன்றாக வருகிறது, பேனா சூடாகிற வரை கையெழுத்துப் போடுகிறோம். அப்படிக் கிடைத்த ஒரு பொதுவான திருத்த வரியை வைத்துக்கொண்டு, நீ எதற்கு வேண்டுமானாலும் ஒப்புக்கொண்டாய் என்று சொல்ல விடமாட்டோம் என்பதுதான் அடிப்படை. அதே சமயம் மொத்தத் திருத்தத்தையும் கிழித்துப் போடவில்லை. நீலப் பென்சில் விதி என்று ஒன்று உண்டு, வாக்கிய அமைப்பு கெடாமல் பிரிக்க முடிகிற கெட்ட பகுதியை மட்டும் அடித்துவிட்டு மீதியை விட்டுவைப்பது. இங்கே நடந்தது அதுதான்.

இந்தச் சிந்தனை திடீரென்று முளைத்தது இல்லை. வட கரோலினாவில் தி லெட்ஜஸ் என்கிற குடியிருப்பில் 2006இல் ஒரு தீர்ப்பு வந்தது. அங்கே ஆரம்பத்தில் பொதுச் செலவு என்று பெரிதாக எதுவும் கிடையாது, நுழைவாயில் பெயர்ப்பலகை விளக்கின் மின்கட்டணம் மாதிரி அற்ப சொற்பம். பிறகு சங்கம் பத்திரத்தைத் திருத்தி, பாதுகாப்பு, நலன், பொழுதுபோக்கு என்று எதற்கு வேண்டுமானாலும் வசூல் செய்கிற அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. விளக்குக் கட்டணத்துக்கு ஒப்புக்கொண்டவரை அளவில்லாத வசூலுக்கு ஒப்புக்கொண்டவராக ஆக்க முடியாது என்று கோர்ட் தள்ளிவிட்டது. அரிசோனாவிலேயே 2010இல், மேசா நகரத்து ட்ரீம்லாண்ட் வில்லாவில், விருப்பமிருந்தால் சேரலாம் என்றிருந்த கிளப்பைக் கட்டாயமாக்கிச் சந்தா வாங்கப் பார்த்தார்கள், அதுவும் செல்லவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் 2014இல் சிவாவா வழக்கு, 30 நாளுக்குக் குறைந்த வாடகைக்குத் தடை போட்ட திருத்தம், அதற்கும் அதே கதி.

ஆனால் எல்லா மாநிலமும் இப்படி இல்லை, இதைச் சொல்லாமல் விட்டால் யாராவது கலிபோர்னியாவில் இருந்துகொண்டு இதை நம்பி வக்கீலுக்குப் பணம் கட்டிவிடுவார்கள். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2004இல், பாம் ஸ்பிரிங்ஸ் நகரத்து வில்லா டி லாஸ் பால்மாஸ் வழக்கில், நாய் பூனை கூடாது என்று பின்னால் கொண்டுவந்த திருத்தம் அதற்கு முன்பே வாங்கியவரையும் கட்டும் என்று சொல்லிவிட்டது. முறைப்படி வாக்கெடுத்துப் பதிவு செய்திருந்தால் அது நியாயமானது என்றே அங்கே முதலில் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது எதிர்க்கிறவர் பாடு. ஒரே நாடு, பக்கத்துப் பக்கத்து மாநிலம், நேர் எதிரான தொடக்கப்புள்ளி.

சரி, வாக்கு எண்ணிக்கை வந்துவிட்டது, திருத்தமும் எதிர்பார்க்கக்கூடியதுதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வேலை முடியாது. 33-1817ஆம் பிரிவை மறுபடி நிதானமாகப் படித்தால் ஒரு சின்னத் துண்டு கண்ணில் படும்: உரிமையாளர்களின் வாக்கோடு, பத்திரத்தில் குறிப்பிட்டிருக்கிற வேறு நபர்கள் அல்லது நிறுவனங்களின் சம்மதமும் வேண்டும். கலேப்ரியா தீர்ப்பு தீர்த்துவைத்த கேள்வி இது இல்லை. ஆனால் நடைமுறையில் திருத்தங்கள் தடுக்கி விழுகிற இடம் பல சமயம் இதுதான், ஏனென்றால் அந்த வேறு நிறுவனம் என்பது வீட்டுக்கடன் கொடுத்த பேங்க்.

பேங்குக்கு எதற்கு இந்த ஊர் வம்பு என்று தோன்றும். முப்பது வருஷத்துக்குக் கடன் கொடுத்தவன் பார்வையில் யோசித்துப் பாருங்கள். வீடுதான் ஈடு. அந்த வீட்டை வாடகைக்கு விட முடியாது, விற்கச் சங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும், சங்கத்தின் வசூல் பாக்கிக்குக் கடனுக்கு மேலே முன்னுரிமை என்றெல்லாம் நாளைக்கு விதி மாறினால் ஈட்டின் மதிப்பே போய்விடும். இது வெறும் பயம் இல்லை. நெவாடாவில் சங்கப் பாக்கியில் ஒன்பது மாதச் சந்தாவுக்குக் கடனை விட மேலான இடம் உண்டு, அந்தப் பாக்கிக்காகச் சங்கம் வீட்டை ஏலம் விட்டால் முதல் கடனே அழிந்துபோகும் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் ஏலத்தில் வீடு போனது 6,000 டாலருக்கு. அதன் மேல் இருந்த கடன் 8,85,000 டாலர். அந்தச் செய்தியைப் படித்த அன்று எத்தனை பேங்க் அதிகாரிகள் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவைத்தார்களோ தெரியாது. அரிசோனாவில் முதல் கடனுக்குப் பின்னால்தான் சங்கத்தின் பாக்கி நிற்கும், அதனால் அந்த அளவுக்குப் பதற்றம் இங்கே இல்லை.

ஃபேனி மே மாதிரி கடன்களை மொத்தமாக வாங்குகிற நிறுவனங்கள் இதற்காகவே காண்டோ என்கிற அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பத்திரங்களில் ஒரு நிபந்தனை வைக்கின்றன. கடன்காரர்களை (இங்கே கடன் கொடுத்தவர்களைத்தான் சொல்கிறேன்) பாதிக்கிற முக்கியமான திருத்தமானால், கடன் உள்ள வீடுகளின் வாக்குகளில் 51 சதவீதத்துக்காவது அவற்றின் கடன்காரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். எது முக்கியமான திருத்தம் என்பதற்குப் பழைய பத்திரங்களில் ஒரு பட்டியலே இருக்கும்: வாக்குரிமை, 25 சதவீதத்துக்கு மேல் சந்தா உயர்வு, பொது இடத்தில் பங்கு, காப்பீடு, வீட்டு எல்லை, அப்புறம் வாடகைக் கட்டுப்பாடு. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். அரிசோனாவில் சாண்ட்லர் நகரத்துப் பக்கம் வேலைக்கு வந்து ஒரு வீடு வாங்கி, வேலை மாறிப் போகும்போது அதை விற்காமல் வாடகைக்கு விட்டுவிட்டுப் போகிற நம் ஆட்கள் எத்தனை பேர். வாடகைத் தடை என்றால் அவர்கள் வயிற்றில்தான் புளியைக் கரைக்கும். அரிசோனாவில் பத்திரத்திலேயே தடை இல்லாவிட்டால் வீட்டை வாடகைக்கு விடலாம் என்று சட்டம் சொல்கிறது, அதனால்தான் வெறும் விதிப்புத்தகத்தில் எழுதாமல் பத்திரத்தையே திருத்தக் கிளம்புகிறார்கள்.

சம்மதம் வாங்குவது எப்படி என்பது தனிக் கூத்து. கடன் கொடுத்தவர் யார் என்று முதலில் தெரிய வேண்டுமே. நீங்கள் மாதத் தவணை கட்டுகிற கம்பெனி வெறும் சர்வீசர், வசூல் பார்க்கிற ஆள், கடனின் சொந்தக்காரர் வேறு யாரோ, கவுண்டியில், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரியான அலுவலகத்தில், பதிவான பத்திரத்தில் இருப்பது மெர்ஸ் என்கிற பதிவு நிறுவனத்தின் பெயர். மூன்று விலாசம், மூன்றிலும் உங்கள் சங்கத்தின் கடிதத்தைப் படித்துக் கையெழுத்துப் போட ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தால் அது நம் தப்பு. கடிதம் போகும், பதில் வராது. அதனால்தான் ஃபேனி மேயே ஒரு வழி விட்டிருக்கிறது: ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் முறையாக அனுப்பி, அது கிடைத்து 60 நாளில் பதில் வரவில்லை என்றால் சம்மதித்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். பத்திரத்தில் அப்படி எழுதியிருக்க வேண்டும் என்பது முக்கியம்.

ஃபுளோரிடா இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. காண்டோக்களில் 2007 அக்டோபர் 1 முதல் பதிவான அடமானங்களுக்கும், சாதாரண வீட்டுச் சங்கங்களில் 2013 ஜூலை 1 முதல் பதிவானவற்றுக்கும், குறிப்பிட்ட சில விஷயங்களில் மட்டுமே கடன்காரர் சம்மதத்தை வலியுறுத்த முடியும். பதிவேட்டில் இருக்கிற விலாசத்தை நம்பிச் சங்கம் தபால் அனுப்பலாம், கூடவே உறுப்பினர்களிடம் தவணை யாருக்குக் கட்டுகிறீர்கள் என்றும் எழுதிக் கேட்க வேண்டும், 60 நாள் மௌனம் சம்மதம். அதில் ஒரு வரி உறுப்பினர்களுக்குக் கசக்கும்: சம்மதம் கேட்காமல் திருத்தம் செய்திருந்தால் அதைச் செல்லாததாக்கக் கேட்க அந்தக் கடன்காரருக்குத்தான் உரிமை. அதாவது உங்கள் பேங்கைக் கேட்கவில்லையே என்று நீங்கள் கோர்ட்டில் கொடி பிடிக்க முடியாது. கலிபோர்னியாவில், வாக்குப் பாதிக்கு மேல் வந்தும் பத்திரம் கேட்கிற சதவீதம் வரவில்லை என்றால் கோர்ட்டில் மனுப் போட்டுக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் கடன்காரர் சம்மதம் பத்திரத்தில் கேட்டிருந்தால் அவர்களின் ஈட்டைப் பாதிக்கிற திருத்தத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. மனிதர்களின் வாக்கைக் குறைக்கலாம், பேங்கின் வாக்கைக் குறைக்க முடியாது. அமெரிக்கா பற்றி இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

இதில் யாரும் பேசாத ஒரு ஓட்டை உண்டு. பல பத்திரங்களில் எல்லாக் கடன்காரருக்கும் வாக்குரிமை என்று இருக்காது, தகுதியுள்ள கடன்காரர் என்று இருக்கும். எனக்கு இந்த வீட்டின் மேல் கடன் இருக்கிறது, திருத்தம் வந்தால் தெரிவியுங்கள் என்று சங்கத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவர்தான் தகுதியுள்ளவர். அப்படி எழுதிக் கொடுக்கிற பேங்கை விரல் விட்டு எண்ணலாம். யாருமே எழுதிக் கொடுக்கவில்லை என்றால்? கேட்க வேண்டிய ஆளே இல்லை, அதனால் சம்மதமும் தேவையில்லை என்று சங்க வக்கீல் சொல்வார். பூஜ்யத்தில் 51 சதவீதம் பூஜ்யம்தானே. ஆக, கடன்காரர் சம்மதம் வேண்டும் என்கிற வரி பெரிய மதில் மாதிரித் தெரியும், பக்கத்தில் போய்ப் பார்த்தால் சில இடங்களில் கதவே இல்லாத வாசல்.

கதவு இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆவணத்தைப் பார்த்துத்தான். வாக்கு, கடன்காரர் சம்மதம் இரண்டுக்கும் அடுத்து இங்கேதான் மூன்றாவது விஷயம் வருகிறது, ஆவணத்தைப் பார்க்கிற உரிமை. என்னைக் கேட்டால் மற்ற இரண்டுக்கும் சாவி இதுதான், கலேப்ரியா ரான்ச்சில் ஒருவருக்குத் தெரியாமலேயே பத்திரம் மாறியதை நினைத்தால் இதன் கனம் புரியும்.

அரிசோனாவில் உறுப்பினர் கூட்டம் போட்டுத் திருத்தினால் 10 நாளுக்குக் குறையாமலும் 50 நாளுக்கு மிகாமலும் முன்னறிவிப்பு வர வேண்டும், என்ன மாதிரித் திருத்தம் என்பதும் அதில் இருக்க வேண்டும். ஆனால் கூட்டமே இல்லாமல் எழுத்துச் சம்மதம் வாங்கியும் திருத்த முடியும், சட்டமே அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது. கையெழுத்துத் தாளோடு வீடு வீடாகப் போகிறவர் உங்கள் வீட்டுக்கு வராமலே போய்விடலாம், வேண்டிய எண்ணிக்கை சேர்ந்துவிட்டால் உங்கள் கதவைத் தட்ட அவருக்கு என்ன அவசரம். திருத்தம் நிறைவேறிய 30 நாளுக்குள் கவுண்டியில் பதிவு செய்ய வேண்டும், பதிவான அன்றே அமலுக்கு வந்துவிடும். அதனால் கவுண்டி ரெக்கார்டர் தளத்தில் உங்கள் மனைப்பிரிவின் பெயரைப் போட்டு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தேடிப் பாருங்கள், காசு செலவில்லை, பத்து நிமிஷ வேலை.

பதிவேட்டில் கிடைப்பது முடிவு மட்டும்தான். அந்த முடிவு எப்படி வந்தது என்பது சங்கத்தின் கோப்பில் இருக்கிறது. 33-1805ஆம் பிரிவின்படி சங்கத்தின் நிதி ஆவணங்களையும் மற்ற ஆவணங்களையும் உறுப்பினர் பார்க்கலாம், தன் சார்பில் ஒருவரை எழுத்தில் நியமித்தும் பார்க்கச் சொல்லலாம். கேட்டதிலிருந்து 10 வேலை நாளுக்குள் காட்ட வேண்டும். பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது, நகல் வேண்டும் என்றால் பக்கத்துக்கு 15 சென்ட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. வக்கீலோடு நடந்த ரகசியக் கடிதப் போக்குவரத்து, நடப்பு வழக்கு, இன்னொரு உறுப்பினரின் சொந்த விஷயங்கள் போன்ற சிலவற்றை மறைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். வாக்குச்சீட்டு, உறை, வந்தவர் கையெழுத்துத் தாள் இவற்றை ஒரு வருஷமாவது வைத்திருந்து உறுப்பினர் பார்க்கக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு வருஷத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் வந்து இரண்டு வருஷம் கழித்துக் கேட்டால் வாக்குச்சீட்டு குப்பைக்குப் போயிருக்கும், அது சட்டப்படி தப்பும் இல்லை.

ஃபுளோரிடாவில் இதற்குப் பல்லும் இருக்கிறது. எழுத்தில் கேட்டு 10 வேலை நாளில் காட்டவில்லை என்றால் நாளுக்கு 50 டாலர் வீதம், பத்து நாள் வரை, 500 டாலர் நஷ்டஈடு கேட்கலாம். நூறு மனையோ அதற்கு மேலோ உள்ள சங்கங்கள் 2025 ஜனவரி 1 முதல் முக்கிய ஆவணங்களை இணையதளத்திலேயே போட வேண்டும். அரிசோனாவில் கோர்ட்டுக்குப் போகாமல் ரியல் எஸ்டேட் துறையில் மனுப் போட்டு நிர்வாக நீதிபதி முன்னால் விசாரணை கேட்கிற வழி இருக்கிறது, ஒரு புகாருக்கு 500 டாலர் கட்டணம். ஆவணம் காட்டாத சங்கங்கள் மேல் அங்கே போகிறவர்கள் உண்டு. வக்கீல் ஒரு மணி நேரத்துக்கு வாங்குகிறதைப் பார்த்தால் இது ஒன்றும் பெரிய தொகை இல்லை.

எங்கள் சங்கத்திலும் இதில் ஒரு சின்ன அனுபவம், ஊர் பெயர் சங்கத்தின் பெயர் வேண்டாம். வாங்கிய முதல் இரண்டு வருஷம் வாடகைக்கு விடக்கூடாது என்று ஒரு திருத்தம், எழுத்துச் சம்மதம் வாங்குகிறோம் என்று மேனேஜ்மென்ட் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கீழே ஒரு பட்டன், அழுத்தினால் சம்மதம். வேண்டாம் என்பதற்குப் பட்டனே இல்லை, அதுவே என்னை உசுப்பிவிட்டது. பழைய பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் 67 சதவீத உரிமையாளர், கூடவே தகுதியுள்ள கடன்காரர்களில் 51 சதவீதம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், மதுரைக்காரர், "விடுங்க தம்பி, ஊரோட ஒத்துப் போங்க" என்றார். அவர் இன்னும் பத்து வருஷத்துக்கு எங்கேயும் போகப் போவதில்லை, அவருக்கு அது சுலபம்.

நான் மூன்று விஷயம் மட்டும் எழுதிக் கேட்டேன். கோபமாக எழுதவில்லை, சட்டப் பிரிவின் எண்ணை ஒரே ஒரு இடத்தில் போட்டேன். இதுவரை வந்த எழுத்துச் சம்மதங்கள், தகுதியுள்ள கடன்காரர் பட்டியலும் அவர்களுக்கு அனுப்பிய கடிதங்களும், இந்தத் திருத்தம் பற்றி போர்டு பேசிய திறந்த கூட்டக் குறிப்புகள். எல்லா ஆவணமும் வேண்டும் என்று கேட்டால் அவர்களும் பயப்படுவார்கள், நமக்கும் எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் போகும். முதல் பதில் எதிர்பார்த்த மாதிரியே வந்தது, இது ரகசியம், போர்டின் அனுமதி வேண்டும் என்று. எந்த விதிவிலக்கின் கீழ் ரகசியம் என்று மட்டும் திருப்பிக் கேட்டேன். ஒன்பதாவது வேலை நாளில் கோப்பு வந்தது, 38 பக்கம், 5 டாலர் 70 சென்ட்.

கடன்காரர் பட்டியலில் இரண்டே பெயர், இரண்டும் பல வருஷத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தவை, அதில் ஒரு பேங்க் வேறொன்றோடு சேர்ந்து பெயரே போய்விட்டது. இரண்டு பேருக்குமே கடிதம் அனுப்பியதற்கான ஒப்புகை அட்டை கோப்பில் இல்லை. எழுத்துச் சம்மதங்களில் சில வீடுகளுக்குக் கணவன் தனி, மனைவி தனி என்று இரண்டாக எண்ணியிருந்தார்கள், பத்திரப்படி வீட்டுக்கு ஒரு வாக்கு. அடுத்த போர்டுக் கூட்டத்தில் உறுப்பினர் பேசுகிற நேரத்தில் கடன்காரர் பட்டியலையும் அந்தச் சம்மதத் தாள்களையும் மேசையில் வைத்து, எண்ணிக்கையை மட்டும் வாசித்தேன். கலேப்ரியா ரான்ச் தீர்ப்பின் பெயரைத் தலைவரே எடுத்தார், அவருக்கு ஏற்கெனவே யாரோ சொல்லியிருக்கிறார்கள். வக்கீலைக் கேட்டுவிட்டு மறுபடி வருகிறோம் என்று தீர்மானத்தை ஒத்திவைத்தார்கள். மதுரைக்காரர் வெளியே வந்து அந்த 38 பக்கத்தையும் வாங்கிக்கொண்டு போனார், படித்துவிட்டுத் தருகிறேன் என்று. இன்னும் தரவில்லை.